லம்டாவைக் குற்றஞ்சாட்டும் முன்னர்

ஜேர்மனியில் வாழும் எம்மவரின் வீட்டு வாசல்களில் நிற்கும் கார்களிற் பல, வேறொருவர் ஓட்டி முடித்த பின்னர் எம்மிடம் வந்து சேர்ந்தவை. அகதி முகாமிலிருந்து வெளியேறி, வதிவிட அனுமதியும் ஒரு வேலையும் கிடைத்த கையோடு பலரும் வாங்கும் முதற் பெரிய பொருள் அதுவே. அதிகாலை நான்கு மணிக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறவருக்கு அந்நேரத்தில் பஸ் கிடையாது. வெதுப்பகத்தில் இரவு வேலை செய்பவருக்கும் அதே நிலைதான். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்வதும், ஹம் நகர்க் காமாட்சி அம்பாள் தேருக்குக் குடும்பத்தோடு போய்வருவதும் அந்தப் பழைய காரை நம்பித்தான். அது ஒரு வாரம் நின்றுவிட்டால் வேலையே ஆட்டங்காணும். ஆகவே, மானிகளுக்கிடையே எஞ்சின் வடிவிலான அந்த மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியதும் வீட்டில் ஒரு கலக்கம் பிறந்துவிடுகிறது.

மறுநாள் யாரோ ஒருவர் சிறு கருவியொன்றைக் காரிற் செருகிப் பார்த்து, "லம்டா பழுதாப்போச்சு அண்ணை, மாத்தவேணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். கராஜுக்குப் போனாலும் பெரும்பாலும் அதே தீர்ப்பு. மொழி மட்டும் வேறு. "சொண்டே கபூட்!" இரண்டு சொற்கள். எமது டொச் அறிவுக்கு அந்த இரண்டு சொற்களே போதுமானவையாக இருப்பதால், நாமும் தலையாட்டிவிட்டுக் காசைக் கட்டிவிடுகிறோம்.

இது விசாரணையின்றி வழங்கப்படும் தீர்ப்பு என்பதே என் வாதம். லம்டா உணரி பழுதாவதே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அதுவும் தேய்கிறது, சாகிறது. ஆனால், அது உண்மையிற் செத்துவிட்டதா அல்லது உள்ளதை உள்ளபடி சொன்ன குற்றத்துக்காகக் கழற்றி எறியப்படுகிறதா என்பதை அரைமணி நேரத்துக்குள் அறிந்துகொள்ள வழியுண்டு. அந்த அரைமணி நேரத்தைக் கேட்டுப் பெறாமல் நாம் இழக்கும் பணம் சிறிதல்ல.

இந்த உணரி ஒன்றும் புதிய சரக்கல்ல. ஸ்ருட்காட்டை அடுத்த கெர்லிங்கனைத் தலைமையிடமாகக் கொண்ட பொஷ் நிறுவனம் 1976ஆம் ஆண்டு அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதன்முதலில் அது பூட்டப்பட்டது ஜேர்மன் கார் ஒன்றிலல்ல. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான சுவீடனின் வொல்வோக்களில். கலிபோர்னியாவின் கடுமையான புகைச் சட்டங்களே அதற்குக் காரணம். 1980களின் தொடக்கத்தில் காடுகள் பட்டுப்போகின்றன என்ற பெருங்குரல் எழுந்த பின்னரே ஜேர்மனியில் இது பற்றிய பேச்சு வலுத்தது. எம்மவரிற் பலர் 1983இன் கொடுமைகளுக்குப் பின் இந்நாட்டில் வந்திறங்கிய அதே காலம்தான் அது. 1985இல் துப்புரவான கார்களுக்கு வரிச்சலுகை வந்தது. 1993 தொடக்கம் புதிதாகப் பதிவான பெற்றோல் கார்களில், 'கற்' என்று நாம் அழைக்கும் வினையூக்கியும் அதற்கு முன்னால் லம்டா உணரியும் நடைமுறையிற் கட்டாயமாகிவிட்டன. அவ்வாண்டு டிசெம்பர் 1ஆம் நாள் முதல், அவற்றையும் சேர்த்துச் சோதிக்கும் புகைப் பரிசோதனையும் நடைமுறைக்கு வந்தது.

அதன் தொழில் மிக எளியது. ஒரு கிலோகிராம் பெற்றோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். அந்த அளவு சரியாக இருந்தால் லம்டா என்ற கிரேக்க எழுத்தாற் குறிக்கப்படும் விகிதம் 1 எனப்படுகிறது. காபனோரொட்சைட்டு, எரியாத ஐதரோகாபன்கள், நைதரசன் ஒட்சைட்டுகள் ஆகிய மூன்று நஞ்சுகளையும் வினையூக்கி ஒருசேர அழிக்க வேண்டுமானால், கலவை இந்த 1 என்ற புள்ளியை ஒட்டியே நிற்கவேண்டும். ஒட்சிசன் மிஞ்சிவிட்டால் நைதரசன் ஒட்சைட்டுகள் தப்பிவிடும். பெற்றோல் மிஞ்சிவிட்டால் மற்ற இரண்டும் தப்பிவிடும். ஆகவே, புகைக்குழாயில் எவ்வளவு ஒட்சிசன் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துக் கணனிக்குச் சொல்ல ஓர் ஆள் தேவை. அந்த ஆள்தான் லம்டா உணரி.

உள்ளே இருப்பது தையற்காரரின் விரலுறை போன்ற ஒரு பீங்கான் குமிழ். சிர்க்கோனியம் ஒட்சைட்டினாற் செய்யப்பட்டு, இருபுறமும் பிளாற்றினம் பூசப்பட்டது. அதன் வெளிப்புறம் புகை, உட்புறம் சாதாரண காற்று. ஏறக்குறைய 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறியதும், இருபுறத்து ஒட்சிசனுக்குமிடையிலான வேறுபாடு ஒரு சிறு மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. புகையில் ஒட்சிசன் மிகுந்திருந்தால் 0.1 வோல்ற் அளவில். ஒட்சிசன் அற்று, பெற்றோல் மிகுந்திருந்தால் 0.9 வோல்ற் அளவில். 0.1 வந்தால் கணனி பெற்றோலைக் கூட்டுகிறது, 0.9 வந்தால் குறைக்கிறது. சூடான, நலமான ஓர் எஞ்சினில் இந்த ஏற்ற இறக்கம் ஓயாமல், ஏறத்தாழ நொடிக்கொரு தடவை நடந்துகொண்டே இருக்கும்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இந்த உணரி அறிந்தது ஒட்சிசனை மட்டுமே. அந்த ஒட்சிசன் எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்பது அதற்குத் தெரியாது. பார்த்ததைச் சொல்லும் சாட்சி அது, துப்பறிவாளன் அல்ல. சாட்சி சொல்வது எமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகச் சாட்சியையே மாற்றுகிற வழக்கத்தை வேறு இடங்களிற் கண்டு அனுபவித்தவர்கள் நாம். காரிலும் அதையே செய்வானேன்?

என் சொந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் என் காருக்கு வயது 17. மஞ்சள் விளக்கு எரிந்தபடியால் பிரதான பரிசோதனையிற் தவறிவிட்டது. குறைகளைத் திருத்தி மீளக் காட்டுவதற்கு ஒரு மாத அவகாசம். அயலிலிருந்த ஒரு கராஜிற் குறியீட்டை வாசித்தார்கள்; பி 0171 என்று வந்தது. உணரியை மாற்றினார்கள்; கூலியோடு 240 யூரோ. பத்தாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. "பூட்டிய உணரி சரியில்லை, வேறு தயாரிப்புப் பூட்டவேண்டும்" என்று மேலும் 90 யூரோ வாங்கிக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் விளக்கு மறுபடியும் எரிந்தது. அவகாசத்தில் எட்டு நாள் மிஞ்சியிருக்கையில், நண்பர் ஒருவரின் மகன், தொழிற்பயிற்சியின் மூன்றாம் ஆண்டில் இருப்பவன், வந்து எஞ்சின் மூடியைத் திறந்தான். மீற்றரை எடுக்கவில்லை, காதைக் கொடுத்துக் கேட்டான். "சீ என்று ஒரு சத்தம் வருது மாமா, கேக்குதோ?" என்றான். எனக்குக் கேட்கவில்லை. காற்று உள்ளிழுக்கும் குழாய்க்குக் கீழே, கையே நுழையாத ஓரிடத்தில், ஒரு றப்பர் குழாய் முழங்கை மடிப்பிற் பிளந்துபோயிருந்தது. அவன் விரலால் அந்தப் பிளவை மூடியதும் எஞ்சினின் ஓசையே மாறிவிட்டது. குழாயின் விலை 14 யூரோ.

பி 0171 என்ற குறியீட்டின் பொருளை நான் பின்னர்தான் அறிந்தேன். 'கலவையிற் காற்று மிகுதி' என்பதே அதன் பொருள். உணரி பழுதென்று அதில் ஓர் எழுத்தும் இல்லை. கணக்கில் வராத காற்று அந்தப் பிளவால் உள்ளே போயிற்று. உணரி அதைக் கண்டு சொன்னது. அதற்காக இரண்டு முறை தண்டிக்கப்பட்டது. ஜேர்மானியர் இதை 'ஃபல்ஷ்லுஃப்ற்', அதாவது தவறான காற்று என்பர். பழைய கார்களின் றப்பர் வெப்பத்திற் காய்ந்து வெடிப்பதால் அவற்றில் இது மிகச் சாதாரணம்.

2001க்குப் பின் பதிவான பெற்றோல் கார்களில் 16 முனைகள் கொண்ட பொதுவான செருகி உண்டு. சில பத்து யூரோவுக்கு வாங்கும் கருவியும் அதில் வாசிக்கும். வாசிப்பது எளிது, வாசித்ததை விளங்கிக்கொள்வதிலேதான் தவறு நேர்கிறது. பி 0172 என்பது பெற்றோல் மிகுதி. ஒழுகும் பெற்றோல் தெளிகருவியோ, 'எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது' என்று பொய் சொல்லும் வெப்ப உணரியோ அதற்குக் காரணமாகலாம். பி 0135 என்பது முதலாவது உணரியின் உள்ளே இருக்கும் சூடாக்கியின் மின்சுற்றுப் பற்றியது. அங்கேயும் பியூஸ் எரிந்திருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், செருகியிற் பச்சைக் களிம்பு பிடித்திருக்கலாம். பி 0133, உணரி மந்தமாகப் பதிலளிக்கிறது என்கிறது. இங்கேதான் உணரியின் முதுமையைச் சந்தேகிப்பதில் நியாயம் கூடுகிறது. பி 0420 வினையூக்கியின் திறன் குறைந்துவிட்டது என்பது. வினையூக்கிக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது உணரி சொன்ன சாட்சியம் அது. அந்த இரண்டாவது உணரியை மாற்றிவிட்டு விளக்கு அணையுமென்று காத்திருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். நலமான வினையூக்கியின் பின்னால் அந்த உணரியின் அளவு அதிகம் அசையாமல் நிற்கும். முன்னாலுள்ளதைப் போலவே இதுவும் மேலும் கீழும் ஆடினால் வினையூக்கி ஓய்ந்துவிட்டதென்று கொள்ளலாம்.

சாட்சியைத் திசைதிருப்பும் இன்னும் இரண்டு காரணங்களைச் சொல்லாமல் விடமுடியாது. முதலாவது, உணரிக்கு முன்னால் புகைக்குழாயில் இருக்கும் வெடிப்பு. புகைதானே வெளியே போகும் என்று நினைப்போம். ஆனால் புகை அலையலையாக வருவதால், அலைகளுக்கிடையே வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. உணரி அந்த ஒட்சிசனைக் காண்கிறது. கணனி தேவையின்றிப் பெற்றோலைக் கூட்டுகிறது. இரண்டாவது இன்னும் விசித்திரமானது. ஒரு சிலிண்டரில் பிளக் பழுதாகி எரிதல் தவறினால், பெற்றோல் எரியாமலே வெளியேறுகிறது. மூக்கில் மணப்பது பெற்றோல். ஆனால் அதனோடு எரியாத ஒட்சிசனும் வெளியேறுகிறதல்லவா? உணரி ஒட்சிசனை மட்டுமே அறியும். ஆகவே 'காற்று மிகுதி' என்கிறது. கணனி மேலும் பெற்றோலைக் கொட்டுகிறது. அந்தப் பெற்றோல் வினையூக்கிக்குள் எரிந்து அதை உருக்கிவிடக்கூடும். உணரியின் விலையைப் போலப் பல மடங்கு விலையுள்ள பொருள் வினையூக்கி. 'விளக்கு எரிந்தால் எரியட்டும், கார் ஓடுகிறதுதானே' என்று மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் இதைக் கவனத்திற் கொள்ளவேண்டும்.

இனி அந்த அரைமணி நேரச் சோதனைக்கு வருவோம். மூன்று அல்லது நான்கு வயர்கள் கொண்ட வழமையான உணரிக்கே இது பொருந்தும். ஐந்து, ஆறு வயர்கள் கொண்ட பிற்கால அகல்வீச்சு உணரிகளைக் கருவியின் துணையோடுதான் பார்க்கவேண்டும். பொஷ் வகையில் இரண்டு வெள்ளை வயர்கள் சூடாக்கிக்கு உரியவை. கறுப்பு வயர் சாட்சியம் சொல்வது. சாம்பல் நிறம் அதன் மறுமுனை. செருகியைக் கழற்றி, உணரியின் பக்கத்து இரு வெள்ளை வயர்களுக்கிடையே தடையை அளந்தால், குளிர்ந்த நிலையில் சில ஓம் முதல் பத்துப் பதினைந்து ஓம் வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் சூடாக்கி அறுந்துவிட்டது. உணரியை மாற்றத்தான் வேண்டும். காட்டினால், எஞ்சின் ஓடும்போது காரின் பக்கத்துச் செருகிக்கு 12 வோல்ற் வருகிறதா என்று பார்க்கவேண்டும். வராவிட்டால் குற்றவாளி பியூசோ வயரோதான். உணரிக்கு அதிற் பங்கில்லை.

பின்னர் செருகியை மாட்டிவிட்டு, எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நிமிடத்துக்கு 2000 சுற்றுகளுக்கு மேல் வைத்துக்கொண்டு, கறுப்பு வயரின் அழுத்தத்தை இலக்க மீற்றரால் அளக்கவேண்டும். பழைய முள் மீற்றர் இதற்கு ஆகாது. எண் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாது ஆடினால் உணரி உயிரோடிருக்கிறது. ஓரிடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் அவசரப்படக்கூடாது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். காற்று இழுக்கும் பக்கத்தில் ஒரு சிறு குழாயைக் கழற்றினால் காற்று மிகும்; எண் உடனே 0.1ஐ நோக்கி விழவேண்டும். மாறாக, காற்று வடிகட்டிப் பெட்டியின் வாயில் எரியாத நிலையில் சிறிது புரொப்பேன் வாயுவை விட்டால் கலவை செறிந்து 0.9ஐ நோக்கி ஏறவேண்டும். இரண்டுக்கும் உணரி தாமதமின்றிப் பதில் சொல்கிறதா? அப்படியானால் அதை விட்டுவிட்டு, காற்றோ பெற்றோலோ எங்கே தவறுகிறது என்று தேடுங்கள். எதற்கும் அசையவில்லையா, அல்லது வயோதிபரைப்போல் ஆறுதலாக ஏறி இறங்குகிறதா? இப்போது மாற்றுங்கள், காசு வீண்போகாது.

இந்தச் சோதனையை மூடிய கராஜுக்குள் செய்யவேண்டாம், காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. வாயு கையாளும் வேலையைப் பழகியவரிடமே விட்டுவிடுவது நன்று. கறுப்பு வயருக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் 'கெட்டிக்காரத்தனம்' உணரியைக் கொன்றுவிடும்.

நான் சொல்வது ஏதோ தனிப்பட்ட கண்டுபிடிப்பல்ல. பொதுவான செருகி வருவதற்கு முற்பட்ட கார்களைப் புகைப் பரிசோதனை செய்யும் அதிகாரியும் இதையே செய்கிறார். வேண்டுமென்றே கலவையைச் சற்றுக் குழப்பிவிட்டு, கார் தானாகச் சரியான நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்க்கிறார். உயர்ந்த சுற்றில் லம்டா 0.97க்கும் 1.03க்கும் இடையே நிற்கவேண்டும் என்பது அத்தகைய கார்களுக்கான வழமையான விதி. 2018 தொடக்கம் புதிய கார்களுக்கும் புகைக்குழாயிற் குழல் வைத்து அளப்பது மீண்டும் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. கணனி சொல்வதை மட்டும் நம்பியிருந்த காலம் போய்விட்டது. அரசாங்கமே கணனியின் சொல்லை அளந்து பார்க்கும்போது, நாம் ஏன் அளக்காமல் காசைக் கொடுக்கவேண்டும்?

கராஜ்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது நேர்மையல்ல. "ஒரு மணிநேரம் தேடினால் அதற்கான கூலியே உணரியின் விலைக்கு வந்துவிடும். மாற்றிப் பார்ப்பதே மலிவு" என்பார்கள். அதிகம் ஓடிய காரில், ஒருமுறையும் மாற்றப்படாத உணரியாயின், அந்தக் கணக்குச் சில வேளை பலிக்கவும் செய்யும். சூடாக்கி இல்லாத மிகப் பழைய வகை 50,000 முதல் 80,000 கிலோமீற்றரில் தளரத் தொடங்கும். சூடாக்கி உள்ளவை அதன் இருமடங்கு தூரம்வரை தாங்கும். எண்ணெய் எரிக்கும் எஞ்சினும், கவனமின்றிப் பூசப்பட்ட சிலிக்கோன் பசையும், உள்ளே கசியும் குளிர்நீரும் அந்த ஆயுளைச் சுருக்கும். மூன்று கிலோமீற்றர் ஓடி வேலைத்தலத்தில் நிறுத்தி, மூன்று கிலோமீற்றர் ஓடி வீட்டில் நிறுத்தும் எங்கள் அதிகாலைப் பயணங்களும் அதற்கு நல்லவையல்ல; எஞ்சின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்து கரி படிகிறது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அனுமானத்துக்கான செலவை யார் ஏற்பது என்பதே கேள்வி. மாற்றிப் பார்த்துப் பிழைத்தால் அந்தக் காசைக் கராஜ் திருப்பித் தருகிறதா? இல்லை. நட்டம் முழுவதும் வாடிக்கையாளருடையது. அப்படியானால், தேடுவதற்குக் கொடுப்பதா அனுமானத்துக்குக் கொடுப்பதா என்று தெரிவு செய்யும் உரிமையும் அவருடையதாகத்தானே இருக்கவேண்டும்?

எம்மவர் கோட்டை விடுவது இந்த இடத்திலேதான். காரணம் அறியாமையன்று, கூச்சம். கராஜ் மேசையின் முன்னால் நின்று கேள்வி கேட்பதை, ஏதோ வெளிநாட்டார் அலுவலகத்தில் அதிகாரியை எதிர்த்துப் பேசுவதுபோல் நினைத்துத் தயங்குகிறோம். அங்கே நாம் விண்ணப்பதாரர்கள் அல்லர், காசு கொடுப்பவர்கள். வேலையை ஒப்படைக்கும் தாளிற் கையெழுத்திடுமுன் 'கொஸ்ரன்ஃபோர்அன்ஷ்லாக்', அதாவது செலவு மதிப்பீட்டை எழுத்திற் கேட்கலாம். வேறுவகையில் உடன்பட்டாலன்றி அதற்குக் கட்டணமில்லை என்பதே ஜேர்மன் குடியியற் சட்டத்தின் பொதுவிதி. "முதலில் அளந்து பாருங்கள், அளந்த எண்களை எழுதித் தாருங்கள், அதன் பின்னர் மாற்றுவதைப் பற்றிப் பேசுவோம்" என்று சொல்லலாம். கழற்றிய பொருளைத் திருப்பிக் கேட்கலாம். பிணக்கு வந்தால், வாகனத் தொழிற்சங்கத்தில் அங்கத்துவம் பெற்ற கராஜ்களுக்கெதிராக 'ஷீட்ஸ்ரெல்ல' எனப்படும் இணக்கசபைக்குப் போகலாம். வாடிக்கையாளருக்கு அங்கே செலவில்லை. பத்து வயதுப் பிள்ளையைக் கராஜுக்கு மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிச்செல்லும் பெற்றோரை இன்றும் காண்கிறோம். அந்தப் பிள்ளைக்கு 'சொண்டே' என்பதற்கும் தமிழ் தெரியாது, அது என்ன செய்கிறது என்பதும் தெரியாது.

இன்னொரு சாராரும் எம்மிடையே உண்டு. "ஏன் அண்ணை வீண்செலவு? ஒரு சின்னச் சாமான் இடையில் வைத்தால் விளக்கு அணைந்துவிடும்" என்பார்கள். மின்தடையை வைத்துக் கணனியை ஏமாற்றுவது, வினையூக்கியைக் குடைந்து வெறுமையாக்குவது, பரிசோதனைக்குப் புறப்படுமுன் குறியீட்டை அழிப்பது போன்ற வித்தைகள் இவை. குறியீட்டை அழித்தால், கார் தன்னைத் தானே சோதித்து முடிக்கவில்லை என்பதும் கருவியில் தெரியும், பரிசோதகர் குழந்தையல்லர். புகையின் தன்மையைக் கெடுக்கும் மாற்றத்தைச் செய்தால், வீதிப் போக்குவரத்து அனுமதி விதிகளின் 19ஆம் பிரிவின்படி வாகனத்தின் இயங்கு அனுமதியே அற்றுப்போகும். வதிவிட நீடிப்புக்கோ பிரஜாவுரிமைக்கோ தாள்களை ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பவர், ஒரு றப்பர் குழாய்க்கு அஞ்சி இப்படியொரு கோவையைத் தன் பெயரில் திறந்துவிடுவது புத்தியா?

எங்கள் பிள்ளைகளில் இப்போது வாகன மெக்கற்றோணிக்கர்கள் இருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டு அந்தத் தொழிற்பயிற்சி இப்பெயரில் உருவான காலத்தில், 'டொக்டர், எஞ்சினியர்' என்ற கனவிலிருந்து வழுவிவிட்டானே என்று அத்தகைய பிள்ளைகளைக் குறித்து வருந்திய பெற்றோரை நான் அறிவேன். கலைவிழாக்களில் பொன்னாடை போர்த்துவதற்கு நேரமிருக்கும் எமது சங்கங்கள், ஆண்டுக்கு இரண்டு சனிக்கிழமைப் பிற்பகல்களை இவர்களுக்கு ஒதுக்கலாகாதா? தமிழ்ப் பாடசாலை முற்றத்தில் ஒரு பழைய காரை நிறுத்தி, மூடியைத் திறந்து, மீற்றரை வைத்து, எந்த எண் எதைச் சொல்கிறது என்பதைத் தமிழில் விளக்கினால் போதும். பேச்சாளர் வேண்டியதில்லை, ஒலிபெருக்கியும் வேண்டியதில்லை. எஞ்சினின் ஓசை கேட்கவேண்டும்.

என் காரைப் பற்றிச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். 14 யூரோக் குழாயைப் பூட்டி, மூன்று நாள் ஓட்டி, அவகாசம் முடிய நான்கு நாள் இருக்கையிற் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன், தேறிவிட்டது. முதலிற் கழற்றப்பட்ட பழைய உணரியைக் கராஜ்காரர் என் பிடிவாதத்துக்காக ஒரு கடதாசிப் பெட்டியிற் போட்டுத் தந்திருந்தார். அந்தப் பொடியன் அதனை எடுத்துப்போய், அதே வகைக் கார் வைத்திருந்த தன் சிறிய தந்தையாருக்குப் பூட்டிக் கொடுத்தான். அவருடையது உண்மையிலேயே செத்துப்போயிருந்ததாம். மீற்றரில் அளந்து பார்த்தே கழற்றினானாம். 2021இல் அவர் அந்தக் காரை விற்கும்வரை மஞ்சள் விளக்கு எரியவில்லை.